ஒரு வருஷம் தாங்கப்பா!

"எக்கா, அப்பாகிட்ட நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தம்பி இப்படித்தான் மடக்கினான். பி.காம் முடித்துவிட்டான். உடனே வேலைக்குப் போக மாட்டானாம். ஒரு வருஷம் ராப் எழுதிப் பாடிப் பார்க்கணுமாம். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் அந்த 'ஒரு வருஷ'த்தை முதலில் கேட்டவள் நான்தான்.

2017-ல் 'மீசைய முறுக்கு' வந்தபோது அப்பா எங்கள் இரண்டு பேரையும் நாகர்கோவிலில் தியேட்டருக்குக் கூட்டிப் போனார். ஹிப்ஹாப் தமிழா ஆதி தன் கதையைத் தானே இயக்கி நடித்த படம். இசைதான் எல்லாம் என்று கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் பையனுக்கு அவன் அப்பா ஒரு வருஷம் அவகாசம் கொடுப்பார். அந்த அப்பா, நம்ம விவேக். காமெடி பார்க்க வந்த எங்கள் அப்பா இரண்டாம் பாதியில் சிரிக்கவே இல்லை.

நான் டிகிரி முடித்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் பி.எட் என்றார்கள். எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு டீச்சர், நாலு நர்ஸ். நான் ஜர்னலிசம் டிப்ளமோ என்றேன். "விவேக் கொடுத்த மாதிரி ஒரு வருஷம் தாங்கப்பா." அப்பா வடசேரி சந்தையில் வாழைக்குலைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். ஃபீஸுக்காக அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அப்பா சொன்னது "சரி மக்ளே", அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நான் தம்பியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "மொதல்ல ஒரு வேலையத் தேடுலே." அதே சொந்தக்காரர்களின் குரல், என் வாயிலிருந்து.

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. '8 மைல்' (2002) படத்தில் எமினெம், ராப் போட்டியில் ஜெயித்த கையோடு தொழிற்சாலை ஷிஃப்டுக்குத் திரும்பி நடப்பான். படம் அங்கேயே முடிந்துவிடும். 'கல்லி பாய்' (2019) படத்தில் தாராவிப் பையன் முராத்தின் அப்பா டிரைவர். நம்ம நிலைமைக்கு ஏற்ற கனவு போதும் என்பார். மும்பை ராப்பர்கள் டிவைன், நேஸி ஆகியோரின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை அது. யோசித்தால், இந்தப் படங்களில் ஹீரோவை ரொம்ப மிரட்டுவது மாசக் கடைசிதான்.

காலையில் மொட்டை மாடியில் தம்பியின் சத்தம். முன்பெல்லாம் சென்னைத் தமிழில் இழுத்துப் பாடுவான், எனக்குச் சிரிப்பு வரும். இது வேறு. விடியற்காலைச் சந்தை, லாரியிலிருந்து குலை இறக்கும் சத்தம், கணக்கு நோட்டோடு ஒரு ஆள். எல்லாம் எங்கள் பேச்சில். துண்டு காயப்போட வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர். அங்கே பாட்டுக்காரர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அப்பாவும், தன்னை அறியாமல், தம்பியின் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா... ஆமா..." போட்டுக்கொண்டிருந்தார்!

"கொள்ளாம்லே" என்றார் கடைசியில். எங்கள் ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

"அப்பா, அவனுக்கு ஒரு வருஷம் குடுங்க. மைக் நான் வாங்கித் தாரேன்" என்றேன்.

"அம்மைக்க வளையல இன்னும் திருப்பலியே மக்ளே."

உண்மைதான். வட்டியைக் கட்டி மாற்றி மாற்றி வைக்கிறோம். என் ஒரு வருஷம் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

ஆறு மாசம் பார்ப்போம் என்று முடிவானது. அடுத்த சம்பளத்தில் வளையல், மைக் அப்புறம். அதுவரை தம்பி போனிலேயே ரெக்கார்ட் பண்ணுகிறான். காலையில் நாலு மணிக்கு அப்பாவோடு சந்தைக்கும் போகிறான், குலை இறக்க.