தாத்தாவின் கோட்டு

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா படம் இருக்கிறது. ஆயில் பெயிண்டிங். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கோட்டுப் பையிலிருந்து வளைந்து தொங்கும் கடிகாரச் சங்கிலி. பின்னால் அரக்குச் சிவப்பில் ஒரு திரைச்சீலை, அதை ஒட்டிப் பாதித் தூண். பக்கத்து மேசையில் தடிமனாக ஒரு புத்தகம். தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். புத்தகத்தோடு அவருக்கு வேறு சங்காத்தம் கிடையாது. கோட்டைப் பற்றிக் கேட்டால் அப்பத்தா சிரிக்கும். "தோள்ல துண்டு கெடந்தாலே அந்த மனுசனுக்கு வேர்க்கும்."

அவர் போய்ச் சேர்ந்த பிறகு வரையக் கொடுத்த படம் அது. திருப்பரங்குன்றத்தில் சன்னதித் தெருவை ஒட்டிய சந்தில் ஓர் ஆர்ட்டிஸ்ட் இருந்தார். கடை போர்டு, வண்டி நம்பர் பிளேட்டு, தேர்தல் வந்தால் சுவர் விளம்பரம், இடைப்பட்ட நாளில் மனிதர்கள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கல்யாணக் குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் தாத்தா தலை, புளியங்கொட்டை அளவு. அதன் மேல் பென்சிலால் கட்டம் போட்டார். துணியில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டார். ஒரு கட்டத்துக்குள் எது எங்கே இருக்கிறதோ அது பெரிய கட்டத்துக்குள்ளும் அங்கேயே வரும். அவ்வளவுதான் வித்தை என்றார். அவ்வளவுதான் என்று சொல்பவர்களை நம்பக்கூடாது.

பள்ளிக்கூடம் விட்டதும் போய் உட்கார்ந்துகொள்வேன். டர்பன்டைன் வாசனை எனக்குப் பிடிக்கும். ஒரு வாரம் கோட்டு மட்டும் இருந்தது, கழுத்துக்கு மேலே வெறும் மண் நிறம். "வேட்டி துண்டோட போட்டா படம் எடுப்பா இருக்காதுண்ணே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா மறுக்கவில்லை. போட்டோவில் முன்வரிசைக்காரரின் தலைப்பாகை தாத்தாவின் தாடையை மறைத்திருந்தது. "அண்ணே, இப்படிச் செத்த ஒக்காருங்க" என்று அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து அவர் தாடையை எடுத்துக்கொண்டார். கண் கடைசியில், காலை வெளிச்சத்தில்.

அப்பத்தாவைக் கூட்டிப்போனோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சாயல் இருக்கு" என்றது. ஆர்ட்டிஸ்ட்டுக்கு அது போதும். மிச்சப் பணத்தை எண்ணக்கூட இல்லை.

அந்தத் தூணும் திரையும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியவர இருபது வருஷம் ஆயிற்று. ஐரோப்பிய அரச உருவப்படங்களில் வழிவழியாக வரும் சாமான்கள் அவை. விக்டோரியா காலத்தில் இவை ஊரெல்லாம் பரவின. காரணம், படியெடுப்பு. அரசி ஒருத்தி, அவள் படம் தூதரகம், கவர்னர் மாளிகை, நகரமன்றம் என்று எல்லா இடத்துக்கும் வேண்டும். ஜார்ஜ் ஹெய்ட்டர் 1838இல் தீட்டிய முடிசூட்டுக் கோலத்துப் படத்தைப் பார்த்துப் பல படிகள் வரையப்பட்டன. லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருப்பதே 1863இல் ஹெய்ட்டர் மறுபடி வரைந்த படிதான். படத்தில் இருப்பவளுக்குப் பத்தொன்பது வயது. 1863இல் நிஜ விக்டோரியாவுக்கு நாற்பத்து நான்கு. கணவனை இழந்து கறுப்பு உடைக்கு மாறியிருந்தாள்.

அந்தப் பாணி நம் பக்கம் வந்த கதையில் மதுரைக்கும் பங்கு உண்டு, கொஞ்சம் கூச்சப்படவேண்டிய பங்கு. மதுரை அழகிரி நாயுடு திருவிதாங்கூர் அரண்மனையில் ஓவியராக இருந்தவர். அவர் வழிவந்த ராமசாமி நாயக்கர், எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தை இளைஞன் ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளைதான் ராத்திரியில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தாராம். 1868இல் தியோடர் ஜென்சன் மகாராஜாவை வரைய வந்தபோது, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் ரவிவர்மாவுக்கு அனுமதி. பார்த்தே பிடித்துக்கொண்டார். அவரிடமிருந்து ஜமீன் மாளிகைகளுக்கு, அங்கிருந்து போட்டோ ஸ்டூடியோக்களின் பின்திரைக்கு, கடைசியில் நம்பர் பிளேட் எழுதுகிற கைக்கு. தாத்தா தோளுக்குப் பின்னால் தொங்கும் திரை இவ்வளவு தூரம் நடந்து வந்தது.

படம் பொய் சொல்கிறது என்று காலேஜ் நாட்களில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்தக் குரூப் போட்டோ செல்லரித்துப் போய்விட்டது. தாத்தா முகம் என்று மிஞ்சியிருப்பது இந்தப் படம்தான். வருகிற சொந்தக்காரர்களெல்லாம் அப்பாவைக் காட்டி, "அப்படியே அவங்கய்யா தாடை" என்கிறார்கள். அப்பா வாயே திறப்பதில்லை. நானும்தான்.

திருப்பரங்குன்றத்தில் சங்க காலத்திலேயே ஒரு சித்திர மண்டபம் இருந்தது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் அதைக் காட்டுகிறார். மலைக்கு வந்தவர்கள் படங்களைச் சுட்டி இது யார், அது யார் என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் இவன் மன்மதன், இவள் ரதி, இவள் அகலிகை, பூனையாகி ஓடுகிறவன் இந்திரன் என்று சொல்கிறார்கள். எழுத்துநிலை மண்டபம் என்று பெயர். அந்தச் சித்திரங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. கேட்டவர்களின் கேள்வியும் சொன்னவர்களின் பதிலும் மட்டும் இருக்கின்றன.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தாத்தா படத்தைக் கழற்றினோம். என் மகள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "இது யாருப்பா, யாரு வரைஞ்சது?" என்று கேட்டாள். தாத்தா பெயரும் இல்லை, வரைந்தவர் பெயரும் இல்லை. தாத்தா பெயரை அன்றைக்கே எழுதிவிட்டேன். ஆர்ட்டிஸ்ட்டின் பெயர் அப்பாவுக்கு நினைவில்லை. சந்தில் போய்க் கேட்டேன். அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு படம் இருந்தால், இன்றைக்கே கழற்றிப் பின்பக்கம் இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள். பென்சில் போதும்.