மாடிச் சாவி

எங்கள் அடுக்ககத்தில் ஒரே மாதத்தில் இரண்டு பைக் திருடுபோயின. சங்கச் செயலாளர் என்ற முறையில் காவல் ஏற்பாடு முழுவதையும் நானே எடுத்துச் செய்தேன். 16 கேமரா, வாசலில் பதிவேடு, இரண்டு ஷிஃப்ட் வாட்ச்மேன். பக்கத்துக் கட்டடத்திலிருந்து எவனும் தாவி வந்துவிடக் கூடாதென்று மொட்டை மாடிக் கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு.

"சார், மாடிச் சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டுமா? ராத்திரில ஏதாச்சும் அவசரம்னா..." என்று கேட்டார் இரவு வாட்ச்மேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஒரு நள்ளிரவில் தரைத்தளத்து மீட்டர் பலகையில் தீப்பிடித்தது. சின்னத் தீதான். ஆனால் பலகை மாடிப்படிக்கு அடியில் இருந்ததால் படிக்கட்டு முழுவதும் புகை ஏறிவிட்டது. இறங்க வழியில்லாமல் மேல்வீட்டுக்காரர்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். கதவில் பூட்டு. அதன் சாவி சங்க அறையில். அந்த அறையின் சாவி என் பையில். நான் திருநெல்வேலியில், கல்யாண வீட்டில். போனில் அவர்கள் இருமுவது கேட்டது.

வாட்ச்மேன் ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, ஒரு கம்பியோடு ஐந்து மாடி ஏறிக் கொண்டியை நெம்பி எடுத்தார். எல்லோரும் பிழைத்தார்கள். ஐந்தாம் மாடிப் பாட்டி மட்டும் இரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தார்.

1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தது எனக்குத் தெரியாததல்ல. அங்கும் தீ பிடித்தது கீழே டிரான்ஸ்ஃபார்மரில். பால்கனியில் வழியில்லாமல் சிக்கியவர்களைக் கொன்றது புகை. செய்தியைப் படித்துப் பதறியவன்தான் நான். என் கையால் பூட்டிய கதவோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. திருடனை மட்டுமே நினைத்திருந்தேன். உள்ளே தூங்குகிறவர்களை நினைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நோட்டோடு அவர் பின்னாலேயே கட்டடம் முழுக்க நடந்தேன். தீயணைப்புக் குழாய்ப் பெட்டியை மறைத்து யார் கார் நிறுத்துகிறார்கள், எந்த வீட்டில் நடக்க முடியாதவர் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்றுகூட என் திட்டத்தில் இல்லை.

இப்போது மாடிக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும்தான். படிக்கட்டிலிருந்து யாரும் திறக்கலாம். மாடிப் பக்கமிருந்து முடியாது. திருடனைத் தடுக்கவும் அதுவே போதும்.

முதல் தீ ஒத்திகையன்று எல்லோரும் வாசலில் கூடினோம். பாட்டியைக் காணோம். மேலே ஓடினேன். மாடிக் கதவருகே நின்று தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறுக்கமா இருக்கு. கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுப்பா" என்றார்.