கொடிகாமத்துப் பழைய லொறி

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் வரும்போது நாவற்குழிப் பாலம், கைதடி, சாவகச்சேரி, மீசாலை எல்லாம் கடந்த பின் வருவது கொடிகாமம். இங்கிருந்துதான் ஒரு வீதி வடக்கே பிரிந்து, வரணி ஊடாகப் பருத்தித்துறைக்குப் போகிறது. சந்தியைச் சுற்றியே புகையிரத நிலையமும் சந்தையும் கடைகளும் உள்ளன. தென்மராட்சி மண்ணின் தேங்காய், பலாப்பழம், மாம்பழம், கிடுகு எல்லாம் இந்தச் சந்தைக்கு வந்துதான் வெளியூர் போகும்.

சந்தைக்குச் சாமான் வேண்டும். சாமானுக்கு வாகனம் வேண்டும். கொடிகாமம் – பருத்தித்துறை வீதியில் அந்த வேலையை நெடுங்காலம் செய்தது தட்டிவான். பழைய லொறியின் சசிக்கு மேல் மரத்தால் கூடு கட்டி, உள்ளே வாங்குப் பலகை போட்டிருப்பார்கள். பின்பக்கம் சங்கிலியில் ஒரு பலகைத் தட்டி தொங்கும். அதை இறக்கிவிட்டால் மூட்டை, கடகம், மீன்பெட்டி எல்லாம் அதன்மேல் ஏறிவிடும். சந்தைக்குப் போகும் பெண்கள் உள்ளே வாங்கிலும், அவர்களின் சீவனம் பின்னால் தட்டியிலுமாகப் போய் வந்தார்கள். இன்று தட்டிவானைக் காண்பதே அரிது. ஆனால் அதனோடு கூடப் பிறந்த பழைய லொறிகள் எம் பெண்கள் சிலரின் வாழ்க்கையில் புகுந்த ஒரு கதை எனக்குத் தெரியும். அதைச் சொல்லுமுன், இந்த வாகனங்கள் போர்க்காலத்தை எப்படிக் கடந்தன என்று சொல்ல வேண்டும்.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், பற்றறி போன்றவை வருவது தடுக்கப்பட்டது. உதிரிப்பாகங்களும் அருமையாயின. அப்போது எங்கள் ஆட்கள் பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது நன்றாகச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் முதல் லொறிகள் வரை இப்படித்தான் ஓடின.

ஓடினதுதான், ஆனால் எஞ்சின் அதற்கு விலை கொடுத்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாகாது. எரிந்தது போக மிச்சம் கரியாகிப் பிளக்கில் படியும். எரியாத பகுதி பிஸ்டன் பக்கத்தால் கீழே வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப்போனால் உள்ளே எல்லாம் தேயும். பாரம் ஏற்றி மேடு ஏறும்போது எஞ்சின் உள்ளே தட்டும் சத்தமும் கேட்கும். அந்தக் காலத்து லொறிகளில் பல பிறகும் விக்கி விக்கி ஓடியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. 2000ஆம் ஆண்டு தென்மராட்சியே போர்க்களமானபோது, அங்கிருந்த சனமும் எழும்ப வேண்டி வந்தது. 2002இல் போர்நிறுத்தம் வந்து, கண்டி வீதி திறந்த பின் மக்கள் திரும்பினார்கள். கூரையில்லாத வீடும் தலையில்லாத தென்னையும் பனையுந்தான் அவர்களுக்கு மிஞ்சியிருந்தன. வீடு கட்டக் கல், மணல், மரம், கிடுகு எல்லாம் ஏற்ற வேண்டியிருந்தது. கொட்டிலுக்குள் கிடந்த பழைய லொறிகள் மறுபடி வீதிக்கு வந்தன.

அந்த நாட்களில், 2004 பங்குனியில், கொடிகாமத்துக்கு நான் போனேன். சந்தையில் தேங்காயும் கிடுகும் விற்கும் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு பழைய லொறியை வாங்க யோசித்தார்கள். அவர்களில் இருவர் போரில் கணவனை இழந்தவர்கள். ஒருவரின் கணவன் காணாமற்போய் எட்டு வருடம். மற்றவரின் கணவனுக்கு ஒரு கால் இல்லை; ஆனால் அவருக்கு வாகன வேலை நன்றாகத் தெரியும். மாதாமாதம் லொறி வாடகைக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்தால் நாலு குடும்பமும் நிமிரலாம் என்பது அவர்களின் கணக்கு. சீட்டுக் காசும், அடகு வைத்த நகையின் காசும் அதில் இருந்தன. உடன்படிக்கை எழுதிக் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

லொறி ஒரு வேலிக்கரையில் நின்றது. ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். இயக்கியதும் குலுங்கியது. சைலன்சரில் "டப், டப்" என்று வந்த சத்தம் இடையிடையே ஒன்றை விழுங்கியது.

"எஞ்சின் மிஸ்ஸிங். இது போனது. வாங்காதேங்கோ" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொல்லிவிட்டார். பெண்களின் முகம் வாடியது.

கால் இழந்த அண்ணை ஊன்றுகோலை லொறியில் சாய்த்துவிட்டு, "பொறுங்கோ பிள்ளையள். விக்கல் எடுத்த உடன ஆள் செத்துப்போறதில்லை" என்றார்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் சத்தத்தைக் கவனித்தார். ஒரே ஒழுங்கில் ஒன்று தவறினால் ஒரு சிலிண்டரில் மட்டும் கோளாறு. ஒழுங்கில்லாமல் அங்கும் இங்கும் தவறினால் எண்ணெய் வரும் வழியிலோ, டிஸ்ரிபியூற்றரில் உள்ள பொயின்ரிலோ பார்க்க வேண்டும். பிறகு ஒரு கடதாசித் துண்டைச் சைலன்சர் வாயில் பிடித்தார். கடதாசி வெளியே மட்டும் தள்ளப்பட்டது. இடையிடையே உள்ளே இழுபட்டிருந்தால் வால்வு எரிந்திருக்கக்கூடும். அது பெரிய செலவு.

அடுத்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, காய்ந்த தடித்த துணியால் பிடித்து, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் கூடக் குலுங்கும். மூன்றாவது வயரைக் கழற்றியபோது சத்தத்தில் மாற்றமே இல்லை. "இவர்தான் வேலை செய்யாமல் நிக்கிறவர்" என்றார். எஞ்சினை நிறுத்தி, அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி பிடித்து ஈரமாக இருந்தது. அதைப் பக்கத்துப் பிளக்கோடு மாற்றிப் போட்டார். அப்போதும் மூன்றாவது சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. எனவே குற்றம் பிளக்கில் இல்லை.

பிறகு எஞ்சினுக்கு மேலே ஒரு சாக்கைப் பிடித்து இருட்டாக்கினார். எங்களையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். மூன்றாவது வயரின் வெடித்த இடத்திலிருந்து எஞ்சின் உடம்புக்கு நீலப் பொறி பாய்ந்துகொண்டிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் வழியிலேயே இறங்கிவிடுகிறது. வேறொரு வயரைப் போட்டதும் எஞ்சின் சீராக ஓடியது. ஒரு முழம் வயருக்காக லொறி "போனது" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள்!

பெண்கள் சிரித்தார்கள். லொறிக்காரரும் சிரித்தார். "பிறகென்ன, காசைத் தாங்கோவன்" என்றார்.

அண்ணை சிரிக்கவில்லை. தன் மனைவியை றைவர் ஆசனத்தில் ஏறச் சொன்னார். எஞ்சின் நிற்க, முன் சில்லுகள் நேராக இருக்க, ஸ்ரியறிங்கை மெதுவாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அசைக்கச் சொன்னார். ஸ்ரியறிங் ஏறத்தாழ ஒரு சாண் திரும்பிய பிறகுதான் சில்லு அசைந்தது. பழைய வாகனத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். வளையத்தின் விளிம்பில் 2 அங்குலத்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும் என்றார்.

"ஸ்ரியறிங் பொக்ஸை ஒரு இறுக்கு இறுக்கினால் சரி" என்றார் லொறிக்காரர்.

அண்ணை மறுத்தார். தேய்மானம் வேறிடத்தில் இருக்கும்போது பெட்டியை இறுக்கினால் ஆட்டம் மறைந்ததுபோலத் தோன்றும்; நோய் அப்படியே இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் வளைவில் திருப்பிய ஸ்ரியறிங் தானாகத் திரும்பி வராது. அது இன்னும் ஆபத்து.

அவர் சாக்கை விரித்து லொறிக்குக் கீழே படுத்தார். மேலே மனைவி அசைக்க, கீழே அவர் ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்தார். ஒரு தண்டு அசைந்து அதோடு பொருந்திய அடுத்தது அசையாமல் நின்றால், தேய்ந்தது அந்த மூட்டு. ரை றொட் மூட்டுகள் ஓரளவு நன்றாக இருந்தன. பிறகு முன் சில்லை ஜக்கில் தூக்கி, மரக்குற்றி முட்டுக் கொடுத்தார். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். "டக், டக்" என்று ஆடியது.

"பிறேக்கை மிதி" என்றார். மனைவி மிதித்தார். பிறேக் பிடித்திருக்கும்போது ஆட்டம் நின்றால் அது சில்லுப் பெயறிங்கின் ஆட்டம். இறுக்கியோ மாற்றியோ விடலாம். ஆட்டம் நிற்கவில்லை. ஆகவே கிங் பின். சில்லு எந்த முளையைப் பற்றித் திரும்புகிறதோ, அந்த முளை தேய்ந்துபோயிருந்தது. கிறீஸ் காணாத வருடங்களும் உப்பு மண்ணும் சேர்ந்து செய்த வேலை.

ஒரு பெண், "அண்ணை, எஞ்சின் நல்லா ஓடுதுதானே, கொஞ்ச நாள் இப்பிடியே ஓடுவமே?" என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை. கையில் இருந்த காசு அவ்வளவுதான்.

அதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "எஞ்சின் பிழைச்சால் லொறி நிண்டுபோகும். நீங்கள் இறங்கி நடந்து வரலாம். ஸ்ரியறிங் பிழைச்சால் லொறி நிக்காது."

அந்த நாட்களில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. வரணி தாண்டினால் வெளி. மாரியில் வீதியின் இரு பக்கமும் வெள்ளம். கண்டி வீதியில் எழுதுமட்டுவாள், முகமாலைப் பக்கம் வீதியோரம் எங்கும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி இருக்கும் மண்ணுக்குள் சில்லு இறங்கக் கூடாது என்றால், சில்லு சொன்னபடி கேட்க வேண்டும். தேங்காய் மூட்டைக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும் இருந்து போகிற லொறி அது.

உடன்படிக்கையில் நான் ஒரு வரி கூட எழுதினேன்: இரண்டு பக்கக் கிங் பின்னும் அதன் புஷ்களும் மாற்றி, சில்லை மறுபடி தூக்கிப் பார்த்த பின்னரே காசு. லொறிக்காரர் கோபித்துக்கொண்டு போனார். பத்து நாளில் திரும்பி வந்தார். யாழ்ப்பாணத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் புஷ் கடைந்து போட்டுத் தந்தார். அன்றும் அண்ணை சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்த்த பிறகே காசு கை மாறியது.

லொறி இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்தது. 2006 ஆவணியில் கண்டி வீதி மறுபடி பூட்டப்பட்டபோது எண்ணெயும் இல்லை, ஓட்டமும் இல்லை. அது நின்றது எஞ்சினாலும் அல்ல, ஸ்ரியறிங்காலும் அல்ல. அதற்குள் அந்த நான்கு பேரும் அடகு நகையை மீட்டிருந்தார்கள்.

2014இல் கொடிகாமத்துக்கு மறுபடி புகையிரதம் வந்தது. 2022இல் நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசை நீண்டபோது, மண்ணெண்ணெய்க் காலத்தைப் பற்றிப் பிள்ளைகள் எங்களிடம் கேட்டார்கள். காலம் மாறினாலும் பழைய வாகனம் வாங்கவும், வாடகைக்கு அமர்த்தவும் வேண்டிய பெண்கள் இன்னும் பலர்.

அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வாகனத்தைப் பகலில் பாருங்கள். எஞ்சின் சூடாக இல்லாதபோது இயக்கச் சொல்லுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும். ஒயில் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெயோ பெற்றோலோ மணத்தால் ஒயில் நீர்த்துவிட்டது. ஸ்ரியறிங்கை அசைத்துப் பாருங்கள். முன் சில்லைத் தூக்கி ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். தூக்கிய வாகனத்துக்கு முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் கீழே போகக் கூடாது. குறை கண்டால், திருத்திய பிறகு காசு என்று எழுத்தில் வாங்குங்கள். "பொம்பிளையளுக்கு இது விளங்காது" என்று ஒருவர் சொன்னால், பிறேக்கை மிதித்துக்கொண்டு சில்லை இன்னொரு தரம் ஆட்டிக் காட்டும்படி அவரிடமே கேளுங்கள்.