மண்ணுக்கடியில் ஒரு பரீட்சை

பீன்ஸ் செடியின் சுபாவத்தைத் தண்டைப் பார்த்து நிர்ணயிப்பதே வெகுகால வழக்கம். நுனியில் பூ முடிந்து வளர்ச்சி நின்றுவிடும் குத்துச்செடி, நிமிர்ந்து நின்று மேலும் வளர்வது, தரையில் படர்வது, ருவாண்டா தேசத்து மலைச்சரிவுகளில் கொழுகொம்பு நட்டு ஏற்றுகிறார்களே அத்தகைய கொடி என்று நான்கு வகை கூறுவர். மண்ணுக்கு மேலே தெரியும் இந்தப் பாதியைக் கொண்டே செடியின் தராதரத்தை முடிவுசெய்வது போதாது என்ற எண்ணம், கொலம்பியாவில் காவுக்கா நதிப் பள்ளத்தாக்கின் கரும்பு வயல்களுக்கிடையே, 37,000-க்கு மேற்பட்ட பீன்ஸ் விதை மாதிரிகளைப் போற்றிவரும் பால்மீராவின் சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை மையத்துக்குச் சென்றபோது எனக்கு உறுதிப்பட்டது.

அங்கே தொழிலாளர்கள் நெடிய காம்புள்ள மண்வாரியைச் செடிக்குச் சற்று எட்டப் பாய்ச்சி, தூரைச் சுற்றி வட்டமாக வெட்டி, மண்கட்டியோடு பெயர்த்தெடுத்து, சோப்பு கரைத்த தொட்டிநீரில் ஊறவிட்டு, பின் நல்ல நீரில் அலசுகிறார்கள். அலசும் வேலையில் கைதேர்ந்த ஒரு மூதாட்டி, அவசரப்பட்ட இளம் ஆராய்ச்சி மாணவனிடம், "இழுக்காதே மகனே, தண்ணீரே மண்ணைக் கழற்றட்டும்" என்று சொன்னதை உடனிருந்த நண்பர் எனக்கு விளக்கினார். அந்த அம்மாளின் விரல்களினூடே வெளிப்பட்ட வேர்த்தொகுதியில், ஆணிவேரின் தலைப்பகுதியிலிருந்து கிளைவேர்கள் அடுக்கடுக்காகப் புறப்பட்டிருந்தன. சில ரகங்களில் ஓர் அடுக்கு, சிலவற்றில் மூன்று, நான்கு. அடுக்குக்கு ஏறக்குறைய நான்கு வேர்கள். மேலடுக்கின் வேர்கள் பக்கவாட்டில் பரவ, கீழடுக்கின் வேர்கள் ஆழத்தை நோக்கிச் சரியும்.

அந்தச் சரிவின் கோணத்தில் ஏழை உழவனின் விளைச்சலே அடங்கியிருக்கிறது என்பது மிகைக்கூற்றன்று. பாஸ்பரஸ் சத்து மண்ணில் எளிதில் நகராமல் மேல்மண்ணிலேயே தங்கிவிடுவதால், உரம் வாங்க வகையற்றவனின் மெலிந்த நிலத்தில் ஆழமில்லாமல் பரவும் வேரே செடியைக் காக்கும். மழை பொய்த்த காலத்திலோ ஈரம் அடிமண்ணில்தான் மிஞ்சும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து ஜொனாதன் லிஞ்ச் முதலியோர் பல்லாண்டுகளாக இந்த உண்மையை ஆராய்ந்து வருகின்றனர். இரண்டு இடர்களும் ஒரே வயலில் நேருமாதலால், அடுக்குகள் மிகுந்து மேலும் கீழும் பரவவல்ல வேர்த்தொகுதியைத் தேடுவதே எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இலக்கங்களாக வரும் கோணங்களுக்குப் பின்னே, சல்லிவேர் ஒன்றும் அறாமல் அலசிக் கொடுத்த கைகள் இருக்கின்றன; அவற்றின் நிதானம் தவறினால் அளவும் பொய்யாகிவிடும்.

தோண்டிய செடி பிழைப்பதில்லை. ஆதலால் அதே வரிசையில் உடன்பிறந்த செடிகளை விதைக்கென்று விட்டுவைக்கிறார்கள். அவ்விதைகளிலிருந்து வளர்ந்தவற்றில், மறுநாள் மலரவிருக்கும் மொட்டைப் பிரித்து, சங்குபோல் சுருண்ட இதழை விலக்கி, பத்து மகரந்தக் கேசரங்களையும் இடுக்கியால் களைந்து, வேற்று ரகத்தின் மகரந்தத்தைச் சூலகமுடியில் ஏற்றுவர். குணங்கள் பிரிவது இரண்டாம் தலைமுறையில்தான். அப்போது மறுபடியும் மண்வாரியை எடுத்தாக வேண்டும்.