ஓரிரு இடங்களில் மழை

திண்டுக்கல் வட்டாரத்தில் மழை வருமா என்று யாரைக் கேட்டாலும், வாய் பதில் சொல்வதற்கு முன்னால் கண் மலைப்பக்கம் போய்விடும். கிழக்கே இருப்பவர்கள் சிறுமலையைப் பார்ப்பார்கள், மேற்கே இருப்பவர்கள் பழனிமலைத் தொடரை. இரண்டுக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் விரிந்துகிடக்கும் சமவெளியில் குடகனாறு வடக்குமுகமாகப் போகிறது. ஆடலூர், பன்றிமலைச் சரிவுகளின் ஓடைகள் ஆத்தூர் காமராஜர் அணையில் சேர்கின்றன. அங்கிருந்து திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒதுங்கி, தாடிக்கொம்பு, வேடசந்தூர் கடந்து, அழகாபுரி அணையையும் தாண்டிக் கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கிறது ஆறு. அதே மலையில் கொஞ்சம் தள்ளி, தாண்டிக்குடிப் பக்கம் பெய்வது மருதாநதியாகி வைகைக்குப் போய்விடும். ஒரு மேகம் ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் காவிரிக்கு, அந்தப் பக்கம் நின்றால் வைகைக்கு.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கைப் பேருந்தின் கண்ணாடி வழியே பார்த்ததோடு சரி. எனக்கு இதை மேல் அணையிலிருந்து கீழ் அணைவரை, அதுவும் கோடையில், ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. சித்திரை முடியும் வாரத்தில் போய் இறங்கினேன். கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தது. வானிலை அறிக்கையில் வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி, வெப்பச் சலனம், ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை என்று தினமும் ஒரே வாசகம். இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்பங்குவரை மழை பதிவானால் அது ‘ஓரிரு இடங்கள்.’ அந்தக் கால்பங்குக்குள் யார் இருப்பார்கள் என்பதை அந்த வாரம் முழுக்கத் தேடிக்கொண்டே போனேன்.

முதலில் வெயிலைச் சொல்லிவிட வேண்டும். திண்டுக்கல் ஊரே ஒரு பாறையைச் சுற்றி எழுந்தது. முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கட்டத் தொடங்கிய கோட்டை அதன் உச்சியில் இருக்கிறது. ஐதர் அலி, திப்பு, பிறகு ஆங்கிலேயர் என்று கைமாறிய இடம். பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொண்ட அந்தப் பாறை, ராத்திரி பத்து மணிக்குக்கூட அடிவாரத் தெருக்களில் அனலாக அடிக்கிறது. மொட்டைமாடியில் பாய் போட்டவர்கள் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கிறார்கள். கதவு திறந்ததும் முதல் ஆளாக நான் கோட்டைப் படியேறினேன். காலையில் மேல்காற்று லேசாக இருந்தது. உச்சியிலிருந்து பார்த்தால் மேற்கே மலை நீலமாக, தெளிவாக, கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. காவலுக்கு இருந்தவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மலை இவ்வளவு கிட்டத் தெரிஞ்சா நல்லதில்ல தம்பி. சாயங்காலம் எங்கயோ இறக்கப் போகுது.”

“இங்கயா அண்ணே?”

“அதை யாரு சொல்றது?”

அவர் சொன்ன ‘எங்கயோ’தான் இந்த நிலத்தின் கோடை. காலையில் தரை சூடேறுகிறது. மேற்கு மலைகளின் இடைவெளிகள் வழியாக வறண்ட காற்று இறங்குகிறது. பிற்பகலில் கிழக்கே வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே ஏறி வருகிறது. இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ அங்கே காற்று மேலே எழும்புகிறது. மலைச்சரிவு இருந்தால் அது இன்னும் தூக்கிவிடுகிறது. மூன்று மணிக்கு வெறும் பஞ்சாக இருந்த மேகம் ஐந்து மணிக்குக் கருத்த கோபுரமாகிவிடும். அது எங்கே உடையும் என்பது அன்றைய காற்றின் பலத்தைப் பொறுத்தது. ஒரு நாள் சிறுமலை உச்சியிலேயே கொட்டித் தீர்த்துவிடும், இன்னொரு நாள் நத்தம் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். கிழக்கே எழும்பியது மேற்கே வரவே வராமல் கலைந்த நாளும் உண்டு.

அன்று சாயங்காலம் வெள்ளோடு பக்கம் இறக்கியது. நான் திண்டுக்கல்லில் புழுதிக் காற்றில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். தெற்கே மின்னல் மட்டும் தெரிந்தது. மறுநாள் காலை சின்னாளபட்டி தாண்டிப் போனபோது காந்திகிராமத்துக்குப் பக்கத்திலேயே சாலையோரம் தண்ணீர் நின்றது. சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய நிறுவனம் அது. அந்த வளாகத்து மரங்கள் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று நின்றன. எனக்கு அதைப் பார்த்ததும் பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷம் திராட்சைத் தோட்டத்துக்குள் போகும்வரைதான்.

சிறுமலை அடிவாரத்தில் பன்னீர் திராட்சை விளைகிறது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்க வேண்டும். தலைக்கு மேல் கருநீலக் கொத்துகள். ஒரு அக்கா கத்தரிக்கோலால் கொத்துக்குக் கொத்து கெட்ட பழத்தை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பழம் கனிந்து சர்க்கரை ஏறிய நேரத்தில் மழை பட்டால், கொடி ஒரேயடியாகத் தண்ணீர் குடிக்கும். உள்ளே கொள்ளாமல் தோல் வெடிக்கும். வெடித்த இடத்தில் பூஞ்சணம் ஏறும். ஒரு பழம் அழுகினால் கொத்தே போச்சு. வியாபாரி வந்து கொத்தை ஒரு முறை தூக்கிப் பார்ப்பார், பெட்டியில் வைக்காமல் போய்விடுவார்.

“இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தா வெட்டியிருப்போம் தம்பி. மழைய வேண்டாம்னு சொல்ல வாய் வருமா? கிணத்துல தண்ணி இல்ல. ஆனா இப்பவா வரணும்?”

தோட்டத்தை அடுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் மானாவாரிக் காட்டில் நின்று, காலால் மண்ணைக் கிளறி ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒரு உழவு மழை. கோடை உழவு கோடி நன்மை என்பது அவருக்கு வெறும் சொலவடை இல்லை. இப்போது உழுது போட்டால் களை வேரோடு காயும், மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழு வெயிலில் சாகும், பிறகு வரும் மழை ஓடிப்போகாமல் உள்ளே இறங்கும். வரப்பின் இரண்டு பக்கமும் ஒரே மழைதான். அந்த அக்காவின் முகத்தையும் இவர் முகத்தையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு, “நல்ல மழையா?” என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. “உங்களுக்கு என்ன பயிர்?” என்றுதான் பேச்சைத் தொடங்கினேன்.

அடுத்து ஒரு நாள் எதுவும் நடக்கவில்லை. மேகம் கூடியது, கலைந்தது. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகை குவிந்து கிடந்தது. கோடையில்தான் மல்லிகை அதிகம் பூக்கும், விலையும் அப்போதுதான் இறங்கும். மழை பட்ட மொட்டு சீக்கிரம் பழுத்துவிடும் என்பதால் வியாபாரிகள் முதலில் எந்த ஊர்ப் பூ என்று கேட்டார்கள்.

வாரத்தின் நடுவில் ஆத்தூர்ப் பக்கம் போனேன். கருங்குளம், புல்வெட்டிக் கண்மாய், தென்னை, நெல், வாழை என்று திண்டுக்கல்லின் வறட்சிப் பேச்சுக்குச் சம்பந்தமில்லாத பூமி. அணையில் தண்ணீர் பின்வாங்கி, ஓரத்தில் வெடித்த வண்டல் தெரிந்தது. முழுக் கொள்ளளவில் 23.5 அடி நிற்கும் அணை அது. திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீர் தருகிற அணைகூட. அதனால் கோடையில் அதன் மட்டம் ஊரில் எல்லோருக்கும் கவலை. அணைக்கும் கீழே, தண்ணீரை ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு விடுவது, ஆற்றுக்கு எவ்வளவு விடுவது என்பதில் மேல்மடைக்காரர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நீண்டகாலப் பிணக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மலையில் பெய்யாத வருஷத்தில்தான் அது சண்டையாகிறது.

மாலை நான்கரை மணிக்குச் சித்தையன்கோட்டைக்கு வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது காற்று நின்றது. இலை அசையவில்லை. தட்டான்கள் தாழ்வாகப் பறந்தன. கடைக்கார அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுத் தகரக் கூரைமேல் வைத்திருந்த கல்லை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார். பத்து நிமிடத்தில் மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று ஒரே அடியாக வந்தது. மழைக்கு முந்தி வருகிற இந்தக் காற்று மேகத்துக்குள்ளிருந்தே வருகிறது. மேலே குளிர்ந்து கனத்த காற்று தரையில் விழுந்து நாலாபக்கமும் சிதறுகிறது. தென்னைகள் வளைந்து நிமிர்ந்தன. எதிரே வாழைத்தோட்டம் நிமிரவில்லை. குலை தள்ளிய மரங்கள் பாரம் தாங்காமல் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. முட்டுக் கொடுத்திருந்த கம்புகளும் சேர்ந்து விழுந்தன. பிறகு வந்த மழை கால்மணி நேரம்கூட இல்லை. சாய்த்தது காற்று. மழை வந்தது அதற்கப்புறம்.

தோட்டக்காரர் நனைந்தபடியே ஓடிவந்து, இடி விழும் நேரத்தில் உள்ளே போகாதே என்று மகனை அதட்டி நிறுத்தினார். மழை விட்டதும் நடந்துபோய் ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தார். முற்றாத குலைக்கு விலை இல்லை. கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையும் வந்து கணக்கெடுப்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமானால்தான் இடுபொருள் மானியம். 2015வரை அது 50 சதவீதமாக இருந்தது, குறைத்தது நல்ல காரியம். ஆனால் அன்று அந்தக் காற்று ஒரு சில தோட்டங்களை மட்டும் உழுதுவிட்டுப் போனது. மறுநாள் செய்தித்தாளில் மாவட்ட மழையளவுப் பட்டியலைத் தேடினேன். நிலக்கோட்டை, நத்தம், வேடசந்தூர், பழனி, கொடைக்கானல் என்று ஊர்கள் இருந்தன. நான் நனைந்த மழை எந்த ஊரின் கணக்கிலும் வரவில்லை. மானிக்கும் மானிக்கும் நடுவில் பெய்துவிட்டது.

இது எனக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தானியங்கி மழைமானிகளை அரசு கூட்டிக்கொண்டுதான் வருகிறது. இருந்தாலும் கோடைமழை ஒரு கண்மாய் அகலத்துக்குப் பெய்கிற மழை. ஊராட்சிக்கு ஒரு சாதாரணக் குழாய்மானியும், தினமும் காலை எட்டரை மணிக்கு அதைப் பார்த்து எழுத ஒரு பள்ளிக்கூட நோட்டும் இருந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள். காற்று அடித்த நேரத்தையும் அதில் எழுதிவைத்தால், வாழை சாய்ந்தவருக்கு அது ஒரு சாட்சியாகும்.

மறுநாள் பேருந்தில் ஆடலூருக்கு ஏறினேன். கீழே விட்ட வெயில் நாலைந்து வளைவுகளில் காணாமல் போனது. காப்பிச் செடிகளில் பச்சைக் காய் பிடித்திருந்தது. மாசி, பங்குனியில் வரும் பூ மழையில்தான் காப்பி ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும். அந்த மழை தவறினால் பூ தவறும். பிறகு வரும் மழை காய் நிற்பதற்கு. பக்கத்துத் தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கும் மேலே கொடைக்கானலில் 1901 முதல் சூரியனைப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். சென்னை மாகாணத்தில் வந்த பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழையின் போக்கைப் புரிந்துகொள்ளச் சூரியனை ஆராய வேண்டும் என்று எண்ணித்தான் அந்த வானோக்கு நிலையம் அமைந்தது. பட்டினி கிடந்த சமவெளியின் கேள்வி அந்த மலைமேல் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூடங்களில் இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அன்று ஆடலூரில் தூறல், மூடுபனி, பிறகு நல்ல மழை. ஓடைகளில் செந்தண்ணீர். காப்பித் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் சாக்கைக் கொங்காணி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வேலையை விடாமல் செய்தார்கள். இந்தத் தண்ணீர் வேடசந்தூருக்குப் போகுமா என்று கேட்டேன். “அணை வரைக்கும் போனாலே புண்ணியம்” என்றார் ஒரு அம்மா.

அவர் சொன்னதைச் சரிபார்க்கத்தான் கடைசியாக வடக்கே போனேன். தாடிக்கொம்பில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பார்க்கவே ஒரு பகல் வேண்டும். எனக்கு ஆற்றின் மேல் கண்ணாக இருந்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். ஆற்றில் சீமைக் கருவேலம். மணலும் குப்பையும் மாறி மாறி. மலையில் பெய்ததன் தடமே இல்லை. வேடசந்தூரில் 1948இல் தொடங்கிய புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. மாவட்ட மழைப் பட்டியலில் அதன் மழைமானிக்குத் தனி வரி இருக்கும். அன்றுவரை அந்த வரியில் சொல்லும்படி எதுவும் சேரவில்லை.

அழகாபுரியில் கரைமேல் நின்றபோது வெறும் பள்ளம்தான் தெரிந்தது. 1977 வெள்ளத்தில் இதே அணையில் தண்ணீர் கரைக்கு மேலேறிப் பாய்ந்தது. மின்சாரம் நின்றுபோனதால் ஷட்டர்களை முழுதாகத் தூக்க முடியவில்லை. மண்கரை பல இடங்களில் உடைந்தது. பிறகு திரும்பக் கட்டினார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாத இந்த ஆற்றுக்கு அத்தனை பெரிய கரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த ஆண்டுதான் பதில். கோடையை வைத்து இந்த ஆற்றை எடைபோடுவது ஆபத்து. ஆற்றுக்குள் வீடு கட்டுவதும், மணலைக் கரைவரை தோண்டுவதும் அப்படி எடைபோட்டதால் வருகிறவை.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வேடசந்தூர்ப் பக்கத்திலும் பெய்தது. ஒரு மணி நேரம், காற்றில்லாமல், சாந்தமாக. காலையில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார், நானும் கூடவே போனேன். முருங்கைப் பூ கொஞ்சம் கொட்டியிருந்தது. அதை அவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, விரலை விட்டுப் பார்த்தார்.

“ரெண்டு உழவு மழை தம்பி. சோளம் விதைச்சா மாட்டுக்குத் தட்டையாவது ஆகும்.”

டிராக்டர்காரருக்குப் போன் போட்டார். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அதே காலையில் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் ஆகும் என்று பதில் வந்தது. மூன்று நாள் வெயிலில் அந்த ஈரம் நிற்காது. பேசிப் பேசி, கடைசியில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் லைட்டைப் போட்டு ஓட்டித் தருவதாக அவர் ஒத்துக்கொண்டார், மணிக்கு நூறு ரூபாய் கூட. வீட்டுக்காரர் சரி என்றார். போனை வைத்துவிட்டு விதைச் சோளம் வாங்கக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்.