சென்னையில் அச்சான நாடு

மோர்னிங்சைட்டிலிருந்து மேற்கே போனால் புரோகிரஸ் அவென்யூவில் ஆர்மீனியரின் புனித திரித்துவத் தேவாலயம் இருக்கிறது. ஸ்காபரோத் தமிழர் பலர் அதைத் தாண்டித்தான் வேலைக்கும் கடைக்கும் போகிறார்கள். அந்த மக்களின் எழுத்துக்கும் நமக்கும் இருக்கிற பழைய உறவைப் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது பாரிமுனைக்குப் பக்கத்தில் அரண்மனைக்காரன் தெருவில் இறங்குங்கள். அங்கே நிற்பது 1772இல் கட்டிய ஆர்மீனியக் கோயில்.

தெருச் சத்தம் வாசலோடு நின்றுவிடும். முற்றத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லறைக் கற்களின் மேலேயே நடக்க வேண்டியிருக்கும். மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. அதில் ஆறு மணிகள், மூத்தது 1754ஆம் ஆண்டினது. வழிபாட்டுக்கு வரும் ஆர்மீனியச் சபை சென்னையில் இன்றில்லை. பராமரிப்பு கொல்கத்தா ஆர்மீனியர் பொறுப்பில்.

இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்? பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604-05இல் ஜுல்பா நகரத்தையே காலிசெய்து, அதன் மக்களை இஸ்ஃபகானுக்குப் பக்கத்தில் குடியேற்றினார். அந்தப் புது ஜுல்பாவிலிருந்து பட்டும் ரத்தினமுமாகக் கடல் கடந்தவர்களில் ஒரு பகுதியினர் சென்னைக்கு வந்தார்கள். பணம் சேர்த்தார்கள், செலவும் செய்தார்கள். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தவர் பெத்ருஸ் உஸ்கான். பரங்கிமலைப் படிகளும் அவர் உபயம். 1751இல் அவர் இறந்தபோது உடல் வேப்பேரியில் அடங்கியது. இதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி புது ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள்.

பாலமும் படியும் எந்தச் செல்வந்தரும் செய்யக்கூடியவைதான். எனக்கு வியப்பு, அடுத்த தலைமுறை அச்சுக்கூடத்தில் இறங்கியது. வணிகர் ஷாஹாமிர் ஷாஹாமிரியான் 1770களின் தொடக்கத்தில் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் நிறுவினார். 1772இல் அங்கே வெளியான மோவ்சேஸ் பக்ராமியானின் நூல், ஆர்மீனிய இளைஞரை விடுதலைக்குத் தூண்டியது. தாய்நாட்டில் இருந்த தலைமை குரு சிமியோன் கலங்கிப்போய் அதை எரிக்கச் சொன்னார். பாரசீகருக்கும் துருக்கியருக்கும் நடுவே நாள் கடத்தியவரின் அச்சம் அது. அவரைக் கோழை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தூரத்தில் இருப்பவர் துணிந்து எழுதலாம், அடி விழுவது ஊரில் இருப்பவருக்கு. இந்தக் கணக்கு ஸ்காபரோவில் யாருக்கும் புதிதல்ல.

ஷாஹாமிரியான் அதோடு விடவில்லை. இன்னும் பிறக்காத ஆர்மீனியக் குடியரசுக்கு 521 பிரிவுகள் கொண்ட அரசியல் சட்டத்தையே எழுதி அச்சிட்டார். மன்னர் கிடையாது; மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைதான் ஆளும். முகப்பில் 1773 என்று இருந்தாலும் அச்சேறியது 1780களின் பிற்பகுதியில் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியே வைத்துக்கொண்டாலும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் சமகாலம்! அந்தச் சட்டம் தேடிய குடியரசு வர 1918 ஆயிற்று. அதுவும் இரண்டரை ஆண்டுதான் நீடித்தது.

ஷிராஸிலிருந்து வந்த குரு ஹாருத்தியூன் ஷ்மாவோனியான் சென்னைக் கோயிலின் அந்த முற்றத்தில்தான் கிடக்கிறார். இரு மகன்களையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். 1794இல் ‘அஸ்தராரை’த் தொடங்கினார். உலகத்தில் ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகை அது. மாத இதழ், கப்பல் வரத்தும் சரக்கு விலையும் அரசியலும் கலந்து வந்தன. பதினெட்டு இதழ்களோடு 1796இல் நின்றது. காரணம், சந்தா போதவில்லை. சிற்றிதழ் நடத்திய தமிழருக்கு இதை விளக்க வேண்டுமா?

இதழ் நடத்தும் பழக்கம் ஆர்மீனியரை விட்டுப் போகவேயில்லை. ஆர்மீனியர் இனப்படுகொலைக்கு ஆளான 1915 பேரழிவில் அநாதையான சிறுவர் நூற்றுக்கும் மேற்பட்டோரை 1923 முதல் ரொறன்ரோவுக்கு மேற்கே ஜோர்ஜ்டவுன் பண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பையன்களும் ‘அராராத்’ என்று ஓர் இதழ் நடத்தினார்கள்.

அஸ்தரார் வெளிவந்ததை நினைத்து ஆர்மீனியாவில் அக்டோபர் 16ஐப் பத்திரிகை நாளாகக் கொண்டாடுகிறார்கள். சென்னை நாளிதழ்கள் அன்றைக்கு ஒரு பெட்டிச்செய்தியாவது போடலாம்.