கொயினாவின் வழிவந்த குளிசை

புசல்லாவையிலிருந்து கண்டி கிளினிக்குக்குப் போய்வரும் என் சித்திக்கு லூபஸ், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய். அவருடைய கிளினிக் கொப்பியில் எந்த மாதமும் விடுபடாத ஒரே மருந்து ஹைட்ரொக்சிகுளோரோகுயின். அதன் பூர்வீகம் என்ன என்று தேடப்போனேன். பாதி வழி எங்கள் மலைகளிலேயே கிடந்தது.

நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல பூங்கா 1861-ல் உருவானதே, கொயினா எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான். பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த த்வெயிட்ஸ் காலத்தில் நடந்தது அது. 1869-ல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் விழுந்து தோட்டங்கள் அழியத் தொடங்கியதும் துரைமார் சிங்கோனாவைப் பிடித்துக்கொண்டார்கள். 1880களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேல் பட்டை கப்பலேறியது. தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். அவர்கள் பெயர் எந்த மருந்து வரலாற்றிலும் இல்லை என்பது எனக்கு ஆறவில்லை.

மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா லூபஸுக்கு எப்படி வந்தது? 1894-ல் லண்டன் மருத்துவர் ஜோசப் பேய்ன் லூபஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். 1951-ல் பிரான்சிஸ் பேஜ் இன்னொரு மலேரியா மருந்தான மெபாக்ரினை 18 பேருக்குக் கொடுத்து, தோல் தடிப்பும் மூட்டுவலியும் தணிவதை எழுதினார். இந்த மலேரியா மருந்துகளின் வரிசையில் வந்த சித்தியின் குளிசைக்கு அமெரிக்காவில் 1955-ல் அனுமதி கிடைத்தது.

இந்தக் குளிசை நெடுநாளில் விழித்திரையைக் கெடுக்கலாம். அதனால்தான் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுக்கிறார்கள், கண்ணையும் பரிசோதிக்கிறார்கள். ஆனால் ஒரே அளவு விழுங்கும் இருவரின் இரத்தத்தில் மருந்து ஒரே அளவில் இருப்பதில்லை. பாரிஸில் 143 லூபஸ் நோயாளிகளின் இரத்தத்தில் மருந்தளவைப் பார்த்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அளவு குறைந்திருந்தவர்களுக்கே அடுத்த ஆறு மாதத்தில் நோய் அதிகம் கிளம்பியது. அப்படியானால் அளவைக் கூட்டினால் போதுமா? அதையும் பிரான்சிலேயே சோதித்தார்கள். 2013-ல் வந்த முடிவு: இரத்த அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டியும் நோய் கிளம்புவது குறையவில்லை.

இதைப் படித்த பிறகு சித்தியிடம் கேட்டேன், "குளிசையை ஒழுங்கா போடுறீங்களா?"

"டொக்டர்கிட்ட சொல்லிறாதப்பா. கண்ணு போயிரும்னு பயந்து பாதியா ஒடச்சித்தான் போடுறேன்."

வெட்டுக்கத்தியால் உடைத்த அரைக் குளிசைகளை ஒரு பால்மா டின்னில் சேர்த்து வைத்திருந்தார். மூட்டு வீங்கிய மாதங்களுக்கெல்லாம் விடை அந்த டின்னில் இருந்தது.

இரத்தத்தில் மருந்தளவைப் பார்க்கும் பரிசோதனையின் பெரிய பயன் இதுதான் என்று நினைக்கிறேன். மருந்தளவு அடிமட்டத்தில் இருந்தால், ஆள் குளிசையைப் போடவில்லை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். நம் கிளினிக்குகளில் இது வழக்கமாக வேண்டும். எண் குறைந்திருந்தால் நோயாளியை ஏசாமல், கண் பயமா, மருந்து தட்டுப்பாடா, கம்பளை வழியாக வரும் பஸ்ஸுக்குக் காசில்லையா என்று முதலில் கேட்க வேண்டும். சித்தி அடுத்த கிளினிக்கில் தானே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.